சுழியாகாத சிறுமை

சீவன் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்குத் திருமூலரின் திருமந்திரம் ஓர் எண்ணையே பதிலாகத் தருகிறது. பசுவின் மயிர் ஒன்றை நூறாகப் பிளந்து, அந்தக் கூறு ஒவ்வொன்றையும் ஆயிரமாகப் பிளந்தால் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவு. அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. சுவேதாசுவதர உபநிடதம் மயிர் நுனியை நூறாக்கி, அதில் ஒன்றை மறுபடி நூறாக்கச் சொல்கிறது. அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தசமத்தில் எழுதினால் முதலாவது 0.00001, இரண்டாவது 0.0001. இந்த இரண்டு எண்களையும் பைத்தான் நிரல்மொழியிடம் கொடுத்துத் திருப்பிக் காட்டச் சொன்னால், உபநிடதத்தின் எண் கொடுத்தபடியே வரும். திருமூலரின் எண் உரு மாறி வரும்: 1 என்ற இலக்கம், அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய ‘ஈ’ எழுத்து, ஒரு கழித்தல் குறி, பிறகு 05. பத்தின் அடுக்கு கழித்தல் ஐந்து என்று அதற்குப் பொருள். பள்ளிக் கணக்குப் புத்தகம் இதை அறிவியல் குறியீடு என்கிறது.

உரு மாறும் இந்த எல்லையைக் கணிதம் வகுக்கவில்லை. மொழியை உருவாக்கியவர்கள் வகுத்தார்கள். சி மொழியின் பொது அச்சு வடிவத்திலும் பைத்தானிலும் 0.0001 வரை முழு உரு நிற்கும். ஜாவாவில் 0.001-க்குக் கீழே போனாலே அடுக்கு வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 0.000001 வரை பொறுத்துக்கொள்ளும். ஒரே எண் நான்கு மொழிகளில் மூன்று இடங்களில் சட்டை மாற்றிக்கொள்கிறது. எண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. எண் வேறு, எண்ணின் உரு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு.

அறிவியல் குறியீடு பொய் சொல்வதில்லை. ஆனால் அது பழகியவர்களிடம் மட்டுமே பேசும். பில்லிலோ, சோதனைச் சான்றிதழிலோ, மருந்துச் சீட்டிலோ எண்ணுக்கு நடுவில் ஓர் ஆங்கில எழுத்தைப் பார்ப்பவர் அதை அச்சுப் பிழை என்றே நினைப்பார். அதனால் முழு உருவில் காட்டும் வழிகளை எல்லா மொழிகளும் வைத்திருக்கின்றன. பைத்தானில் ‘எஃப்’ வடிவத்தைக் கேட்டு, எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்று சொன்னால் போதும். ஜாவாவின் பிக்டெசிமல் வகையில் இதற்கென்றே ‘டூபிளெயின்ஸ்ட்ரிங்’ என்ற செயல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் ‘டூஃபிக்ஸட்’ நூறு தசம இடங்கள் வரை எழுதித் தரும். ஆபத்து இந்த வழிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ‘எஃப்’ வடிவத்தில் இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் அது ஆறு இடங்களோடு நின்றுவிடும். 0.0000001 என்ற எண் அப்போது 0.000000 ஆகிறது. அறிவியல் குறியீட்டைத் தவிர்க்கப் போனவர், எண்ணையே தவிர்த்துவிடுகிறார்.

இந்த மூன்றாவது உருதான் தத்துவத்துக்குரிய கேள்வியை எழுப்புகிறது. முழுத் தசமமும் அடுக்குக் குறியும் ஒரே பொருளைச் சுட்டும் இரண்டு சொற்கள். சுழியோ வேறொரு பொருளைச் சுட்டுகிறது. மிகச் சிறிய ஒன்றைச் சுழி என்று எழுதும்போது, அளவைப் பற்றிய கூற்று இருப்பைப் பற்றிய கூற்றாக மாறிவிடுகிறது. எவ்வளவு சிறுத்தால் ஒன்று இல்லாததாகும்?

சிவகாசியில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999 அக்டோபரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை சொல்கிறது. டெசிபல் என்பதே சிறிய எண் ஒன்றிலிருந்து கிளம்பும் அளவு. மனிதக் காதுக்கு அரிதாகக் கேட்கும் ஒலியின் அழுத்தம் 0.00002 பாஸ்கல் என்று வைத்து, அதைப்போல எத்தனை மடங்கு என்பதன் மடக்கையை எடுத்து, அதை இருபதால் பெருக்குகிறார்கள். ஒலிமானியின் திருத்தங்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 125 டெசிபல் என்பது சுமார் 36 பாஸ்கல் அழுத்தம். நிரலில் அந்த 0.00002 அடுக்குக் குறியோடு வந்தாலும் கணக்கு சரியாகவே வரும். யாரோ ஒருவர் அதை இரண்டு தசம இடத்துக்குக் காட்டும்படி கட்டத்தை அமைத்து, அதில் தெரிந்த 0.00-ஐ இன்னொரு தாளில் தட்டச்சு செய்தால், அடுத்த வரியில் சுழியால் வகுக்க வேண்டிவரும். கேட்பதற்கான வாசலே இல்லாமல் போனால் ஒலியை அளக்க முடியாது. இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஓர் ஆறுதல்.

காட்டிக்கொடுக்காத பிழையே கொடியது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழைபவர், வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். தகட்டிலிருந்து கம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்னூட்டம் அதன் வழியே போய்விடும். நைலான் சட்டை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பதும் இதற்காகவே. இந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மனித உடல் மின்னூட்டத்தைத் தாங்கும் திறன் சுமார் 100 பிக்கோஃபாரட். ஃபாரடில் எழுதினால் 0.0000000001. வறண்ட காற்றில் உடம்பின் மின்னழுத்தம் 10,000 வோல்ட் வரை ஏறக்கூடும். அந்தச் சிறிய எண்ணை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைப்பது 0.005 ஜூல் ஆற்றல். விரல் நுனியில் சுருக்கென்று தைக்கும் பொறி அது. அலுமினியப் பொடி கலந்த மருந்துக்குப் பக்கத்தில் அந்தப் பொறி தெறிப்பதை அந்த ஊரில் யாரும் சிறிய விஷயம் என்று சொல்லமாட்டார்கள். இப்போது அதே எண்ணை ஆறு தசம இடங்களோடு அச்சிட்டு, அச்சில் இருப்பதை எடுத்துப் பெருக்கிப் பார்த்தால், திறன் 0.000000, ஆற்றல் சுழி, ஆபத்து சுழி. எந்தப் பிழைச் செய்தியும் வராது. விடை சுத்தமாக இருக்கும்.

எண் கணினிக்குள் முழுமையாகத்தான் இருக்கிறது, திரையில் மட்டுமே சுழியாகத் தெரிகிறது என்று நிரலர் வாதிடலாம். அந்த வாதம் உண்மை, ஆனால் போதாது. அறிவு இயந்திரத்தின் நினைவகத்தில் நிகழ்வதில்லை. திரையைப் பார்ப்பவரிடம் நிகழ்கிறது. அவருக்குக் கிடைத்தது சுழி மட்டும்.

இல்லை என்பதை எப்படி அறிகிறோம் என்ற கேள்வியை இந்தியத் தத்துவம் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்திருக்கிறது. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை என்று அறிவது அது. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும், அவர்களைப் பின்பற்றி அத்வைதிகளும், காணாமையை, அதாவது அனுபலப்தியை, தனிப் பிரமாணமாகவே ஏற்றார்கள். ஆனால் வெறும் காணாமை செல்லாது. மேசையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை என்று சொல்லலாம், இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் சொல்லக் கூடாது. காணத் தகுந்த பொருள், காணத் தகுந்த சூழலில், காணப்படாதபோது மட்டுமே இன்மை உறுதியாகும். இந்தத் தகுதியை யோக்கியதை என்றார்கள்.

ஆய்வுக்கூடத்தின் மொழியில் இதன் பெயர் கண்டறியும் எல்லை. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், ஈயம் ஆகிய ஐந்தையும் பட்டாசில் எந்த வடிவிலும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சட்டத்தின் சொல் ‘கூடாது’ என்பது. அதைக் கருவியால் அப்படியே சரிபார்க்க முடியாது. கருவி தன் எல்லைக்கு மேலே இருப்பதை மட்டுமே பார்க்கும். எந்த இரசாயனத்திலும் பிற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பது இயல்பு. சேர்த்தது வேறு, ஒட்டிவந்தது வேறு. ஆகவே நல்ல ஆய்வாளர் அறிக்கையில் ஈயம் 0.00 என்று எழுதமாட்டார். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று எழுதி, அந்த எல்லை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறிப்பார். மீமாம்சகர் கேட்ட யோக்கியதையை அந்த இரண்டாவது எண் தருகிறது. அது இல்லாத 0.00, இருட்டறையில் நின்று குடம் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை காத்திருக்கிறது. சிறியதை விழுங்கிவிடுவோமோ என்று பயந்து, எல்லா எண்களையும் இருபது முப்பது இடங்களுக்கு அச்சிட்டால், இல்லாதவை தோன்றத் தொடங்கும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளால் ஆன பின்னங்களாக வைத்துக்கொள்கிறது. 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரம் வகுத்த முறை இது. பத்தில் ஒன்றை அப்படித் துல்லியமாக வைக்க முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முடிக்க முடியாததைப் போலத்தான் இதுவும். அதனால் 0.1 என்று கொடுத்ததை இருபது இடங்களுக்குக் காட்டச் சொன்னால் 0.10000000000000000555 என்று வரும். கடைசியில் நிற்கும் அந்த மூன்று ஐந்துகளை யாரும் அளக்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. இயந்திரம் தன் இயல்பைப் பொருளின் மேல் ஏற்றிக் காட்டுகிறது. கயிற்றின் மேல் பாம்பை ஏற்றிப் பார்ப்பதை அத்வைதிகள் அத்தியாசம் என்பார்கள். அந்தச் சொல் இங்கே பொருந்தும்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் எளிமையான ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்கள்: திரும்பப் படித்தால் அதே எண்ணாக மாறக்கூடிய இலக்க வரிசைகளில் மிகக் குறுகியதைக் காட்ட வேண்டும். ஸ்டீல், ஒயிட் இருவரும் 1990-இல் இதற்கான வழிமுறையை வெளியிட்டார்கள். பைத்தான் 2009-இல் வந்த தன் 3.1 பதிப்பில் இந்த விதிக்கு மாறியது. 2018-இல் உல்ஃப் ஆடம்ஸ் ‘ரியூ’ என்ற வேகமான வழிமுறையைத் தந்தார். இலக்கங்களை இந்த விதிப்படி தேர்ந்தெடுத்து, பிறகு அடுக்கை நீக்கிச் சுழிகளை நிரப்பினால், 0.00001 என்பது கூட்டாமல் குறைக்காமல் 0.00001 ஆகவே நிற்கும். கோ மொழியில் ‘எஃப்’ வடிவத்தோடு துல்லியத்துக்குக் கழித்தல் 1 என்று கொடுத்தால் இதுவே நடக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது என்பதற்கு இவ்வளவு கச்சிதமான விளக்கம் ஒரு பொறியியல் துறையிலிருந்து வந்திருப்பது வியப்புக்குரியது.

இயந்திரத்துக்கும் ஓர் அணு உண்டு. 64 இரும இலக்கங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய நேர்மறை எண், புள்ளிக்குப் பின் 323 சுழிகளைக் கடந்து 324-ஆவது இடத்தில் 5 போட்டாற்போல் இருக்கும். அதைப் பாதியாக்கினால் சுழி. அங்கே பகுப்பு நின்றுவிடுகிறது. கணாதரின் வைசேடிகமும் பகுப்பு நிற்க வேண்டும் என்றே வாதிட்டது. சாளரத்தின் வழியே விழும் வெயிலில் மிதக்கும் தூசியின் ஆறில் ஒரு பங்கே பரமாணு, அதற்கு மேல் பிளக்க முடியாது என்பது அந்த மரபின் கணக்கு. முடிவில்லாமல் பிளக்கலாம் என்று வைத்தால் மேருமலைக்கும் கடுகுக்கும் எண்ணற்ற பகுதிகள் இருக்கும். இரண்டும் சமம் என்று சொல்ல வேண்டிவரும். இதுவே அவர்கள் காட்டிய காரணம். ஆனால் வைசேடிகரின் பரமாணு அழியாதது. கணினியின் அணு இன்னொரு முறை வகுத்தால் மறைந்துவிடும். மறையும்போதும் அது ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது: கழித்தல் எண் சிறுத்துச் சுழியானால், அந்தச் சுழி கழித்தல் குறியோடு நிற்கும். எந்தத் திசையிலிருந்து இல்லாமல் போனது என்பதை அந்தச் சுழி நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பொருள் உண்டாகும் முன் இருந்த இன்மையும், அது அழிந்த பின் வந்த இன்மையும் வேறு வேறு என்று நியாய வைசேடிகர்கள் பிரித்ததை அறிந்தவருக்கு இது புதிதாக இருக்காது.

தமிழ்க் கணக்கு மரபு சிறிய எண்களைச் சுழியாக விடாமல் பெயரிட்டு அழைத்தது. ஒரு மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்ற ஒரே சொல் போதும். முந்திரியை இன்னொரு முறை 320-ஆல் வகுத்தால் கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒன்று. இந்தக் ‘கீழ்’, அறிவியல் குறியீட்டின் அடுக்கு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. பத்துக்குப் பதில் 320 அடி எண். குறிக்குப் பதில் வாயால் சொல்லக்கூடிய சொல். இம்மியும் பிசகாமல் என்று இன்றும் சொல்பவர்கள் அந்தக் கீழ்வாய் இலக்கத்தில் ஒன்றையே சொல்கிறார்கள், அது ஓர் எண் என்பது தெரியாவிட்டாலும்.

இந்த மரபு ஏட்டோடு நிற்கவில்லை. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கில் ‘கீழ்’ அடுக்கடுக்காக வருகிறது. வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை முதலாம் இராசராசனின் நில அளவை போனதை வரலாற்று நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. அந்தப் பெரிய எண்ணைப் பிரித்தால் 320 நான்கு முறையும் 5 ஒரு முறையும் கிடைக்கும். நான்கு படி இறங்கி, அங்கே ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வேலியை 6.6 ஏக்கர் என்று கொண்டால், இது அரைச் சதுர மில்லிமீட்டர் நிலம். எந்த அளவுகோலும் அதை அளந்திருக்காது, எந்த ஏரும் அதை உழுதிருக்காது. கழித்தும் வகுத்தும் கணக்கு எழுதியபோது மிஞ்சிய மிச்சம் அது. அளக்க முடியாததை அளந்ததாகக் காட்டியது பிழை என்று ஒரு கணக்கர் சொல்லக்கூடும். ஆனால் இறைவனுக்குரிய கணக்கில் எதையும் சுழி என்று தள்ளக் கூடாது என்ற எண்ணம் அங்கே கல்லில் நிற்கிறது. கம்பனின் பிரகலாதன் தன் தந்தை இரணியனுக்குச் சொல்லும் பதிலும் இதே திசையில் போகிறது. அணுவை நூறாகக் கூறிட்டால் வரும் துண்டுக்குக் கோண் என்று பெயர் கொடுத்து, அதிலும் இறைவன் இருக்கிறான் என்கிறான் அந்தப் பிள்ளை. அணுவோடு நின்றிருந்தாலும் அவன் வாதம் முழுமையாகவே இருந்திருக்கும். பெயரில்லாத இடம் ஒன்று மிஞ்சினால் அங்கே இறைவன் இல்லை என்று இரணியன் சொல்லிவிடுவான் என்பதால், அணுவுக்குக் கீழும் ஒரு பெயர் தேவைப்பட்டது.

இனி, திருமூலரின் 0.00001. சீவன் உண்மையிலேயே அவ்வளவு சிறியதா, அல்லது அவ்வளவு சிறியதாகத் தெரிகிறதா? மதிப்பு வேறு, உரு வேறு என்ற நிரலரின் பிரிவினை இங்கே சமயங்களுக்கு இடையிலான வேறுபாடாகிறது. சைவ சித்தாந்தம் உயிரை அணு என்றே அழைக்கிறது. ஆனால் உயிர் தன் இயல்பில் வியாபகமானது. ஆணவ மலம் அதை அணுவைப்போல் சுருக்கிக் காட்டுகிறது. ஆணவம் என்ற சொல்லே அணுவிலிருந்து வந்தது. சிறுமை உருவில் இருக்கிறது, மதிப்பில் இல்லை. இராமானுசரின் விசிட்டாத்வைதம் இதை ஏற்பதில்லை. சீவன் இயல்பிலேயே அணுதான். விரிவதும் சுருங்குவதும் அதன் ஞானம். ஓர் இடத்தில் நிற்கும் விளக்கின் ஒளி வீடு முழுக்கப் பரவுவதைப்போல அந்த ஞானம் பரவுகிறது. இங்கே சிறுமை மதிப்பிலேயே இருக்கிறது.

இரண்டு வழிக்கும் சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே சொந்த ஊர் உண்டு. பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வைணவத்தின் ஊர். பூமிநாதர் கோயில் கொண்ட திருச்சுழி சிவத்தலம். 1879-இல் ரமண மகரிஷி பிறந்ததும் அங்கேதான். பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் சுழித்து மண்ணுக்குள் இறக்கியதால் அந்தப் பெயர் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது. நீர் சுழல்வதற்கும் எண்ணில் ஒன்றுமில்லாததற்கும் தமிழில் ஒரே சொல்தான்; அந்த ஊரின் கதையில் சுழிக்குள் போன வெள்ளம் மண்ணுக்குள் எங்கோ இருக்கிறது. ரமணர் நான் யார் என்று விசாரிக்கச் சொன்னாரே தவிர, அந்த ‘நான்’ எவ்வளவு என்று அளக்கச் சொல்லவில்லை. அளவு உடம்போடு சேர்த்துப் பார்ப்பதால் வருவது என்பது அத்வைதத்தின் நிலை.

மயிர் நுனியைப் பத்தாயிரமாகப் பிளந்த உபநிடதம் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவ்வளவு சிறிய சீவனே அளவின்மைக்கும் உரியதாகிறது என்று அதே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. சிறுமை தோற்றம், அளவின்மையே உண்மை என்று அத்வைதிகள் அதைப் படித்தார்கள். சிறுமை சீவனின் இயல்பு, அளவின்மை அதன் ஞானத்துக்கு உரியது என்று இராமானுசரின் மரபு படித்தது. 0.0001 என்ற எண்ணை இரு தரப்பும் ஒப்புக்கொண்டுதான் வாதிட்டன. சீவன் சுழி என்று அவர்களில் எவரும் படிக்கவில்லை.